லோர்னாவின் வண்டியில் பெட்ரோல் வாடை

விடிவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. நாலரை மணி இருக்கும். ஏரியை ஒட்டிப் போகிற சாலை... சந்திப்பு வருகிறவரை ஒரு விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் மரங்கள், மரங்களின் மேல் பனி, அவ்வளவுதான். லோர்னா தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு வேலை. நோயாளிகளுக்குக் காலைக் கஞ்சி அவள் போய்த்தான் வைக்க வேண்டும்.

வண்டியில் ஏறும்போதே லேசாக இருந்தது. பாதி வழியில்தான் அது என்னவென்று பிடிபட்டது.

பெட்ரோல்.

புகை இல்லை. எரிந்த நாற்றம் இல்லை. பச்சைப் பெட்ரோல். பங்க்கில் கையில் பட்டால் வீடுவரை கூடவே வருமே... அது.

கண்ணாடியை இறக்கினாள். வெளியே மூக்குமுடி உறைகிற குளிர். தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினாள். கண்ணீர் இமையிலேயே கட்டியானது. வாடை போகவில்லை...

"பேய்க் கதைன்னு கூப்பிட்டு உக்கார வெச்சிட்டு மறுபடியும் கார் ரிப்பேரா?" என்றார் ஆர்விட். சவுனா என்கிற நீராவிக் குளியல் குடிலின் உள்ளறைச் சூட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். வெளியறையில் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் உடம்பிலிருந்து இன்னும் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி கார்லா அவர் முழங்காலில் ஓர் அடி வைத்தாள். "சும்மா கிடங்க. போன தடவை கார்பரேட்டர் கதை கேட்டுட்டு யாரு ராத்திரி பூரா விளக்கப் போட்டுட்டுப் படுத்தது?"

"அது முதுகுவலி."

"ஆமா, முதுகுக்கு வெளிச்சம் வேணுமாம்."

சிரித்து முடித்தார்கள். நான் தொடர்ந்தேன்.

இது என் நண்பன் வெஸ்லியின் அக்காவுக்கு நடந்தது. சந்திப்பில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற வெஸ்லிதான். லோர்னா அன்று வேலை முடிந்ததும் வண்டியை நேராக அவனிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். இருபது வயதைத் தாண்டிய வண்டி. கதவுகளின் கீழ் ஓரம், சாலையில் போடும் உப்பு தின்று, பிஸ்கட் மாதிரி உதிரும்.

தண்ணீர் ஒழுகினால் ஈரத்தைப் பார்த்துப் பிடித்துவிடலாம். பெட்ரோல் அப்படி இல்லை. ஒழுகிய இடத்தைவிட்டுப் பறந்துவிடும். வாடை மட்டும் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவும் தினமும் வந்தால் பரவாயில்லை. வந்து வந்து போகிற வாடையை மூக்கால் பிடிக்க முடியாது. கேள்வி கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். வெஸ்லி அதில் கெட்டிக்காரன்.

"எஞ்சின் சூடானப்புறம் வருதாக்கா, ஆறிக் கிடக்கும்போதா?"

"ஆறிக் கிடக்கும்போதுதான். காலையில கதவத் திறந்ததுமே."

"தினமுமா?"

"இல்லடா. ரொம்பக் குளிரடிச்ச ராத்திரிக்கு மறுநாள் மட்டும்."

இதைக் கேட்டதும் வெஸ்லிக்குப் பாதி விடை கிடைத்தமாதிரி இருந்தது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற சின்னக் குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம். வயதானால் ரப்பர் இறுகும். குளிரில் இன்னும் சுருங்கும். சுருங்கினால் ஓரத்தில் ஒரு சொட்டு கசியும். எஞ்சின் சூடானதும் ரப்பர் உப்பி வழியை அடைத்துவிடும். பிறகு எவ்வளவு தேடினாலும் காய்ந்த இடம்தான் தென்படும். திருடன் வீட்டுக்காரனோடு சேர்ந்து திருடனைத் தேடுகிற மாதிரி.

எல்லா வளையங்களையும் மாற்றினான். நன்றாகத் துடைத்தான். ஒரு வாரம் வாடை இல்லை.

அடுத்த கடுங்குளிர் ராத்திரி வந்தது. மறுநாள் காலை போன்.

"டேய்... இன்னும் அடிக்குதுடா."

இந்தத் தடவை வெஸ்லி பின்சீட்டைத் தூக்கினான். அதன் அடியில் ஒரு வட்டத் தகடு. அதைக் கழற்றினால் டேங்கின் உச்சி தெரியும். பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப் அங்கேதான் டேங்குக்குள் இறங்குகிறது. இறங்கும் வாயைச் சுற்றி இன்னொரு ரப்பர். அது கெட்டுப் போயிருந்தால் ஒரு வினோதம் உண்டு. டேங்க் பாதி இருந்தால் ஒழுகாது. முக்கால் இருந்தால் ஒழுகாது. விளிம்புவரை நிரம்பினால் மட்டும்தான் ஒழுகும். ஏனென்றால் பெட்ரோல் அந்த உயரத்துக்கு அப்போதுதான் வருகிறது.

விரலை வைத்துப் பார்த்தான். ஈரம்.

"அக்கா, எவ்வளவு போடுற?"

"பாதிக்கு மேல போடுறதே இல்ல. பங்க்குல ரொம்ப நேரம் நிக்க முடியல எனக்கு."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. அது அவனுக்குத் தெரியும்.

வண்டியைத் தூக்கி, அடியிலிருந்த கரிப் பெட்டியைக் கழற்றினான். டேங்கிலிருந்து எழும் ஆவி வெளியே போகாமலிருக்க, ஒரு பெட்டி நிறையக் கரித்துண்டுகளைப் போட்டு வைத்திருப்பார்கள். கரி ஆவியைக் குடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது திருப்பிக் கொடுக்கும். பொரி மூட்டை மாதிரி எடையே இருக்காது. ஆவியாகாத பெட்ரோல் அங்கே போகவே கூடாது. பங்க்கில் 'டக்' என்று குழாய் தானே நின்றுவிடுகிறதே, அது 'போதும்' என்று சொல்கிற சத்தம். அதற்குப் பிறகும் விடாமல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஊற்றினால்தான் பெட்ரோல் போகக்கூடாத குழாயில் ஏறிக் கரியை நனைக்கும்.

வெஸ்லியின் கையில் அந்தப் பெட்டி, தண்ணீரில் ஊறிய ரொட்டி போலக் கனத்தது. சாய்த்தான். பெட்ரோல் கொட்டியது.

"யாருக்கா இப்படி அடைச்சு ஊத்துறது?"

லோர்னா கோட்டுக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பெட்ரோல் காட்டுற முள்ளு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்டா. ராத்திரி நிறுத்தும்போது கால்வாசிக்குக் கீழ இருக்கும். காலையில பார்த்தா முழுசுல நிக்கும்."

...

ஜெரட்டைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது.

லோர்னாவுக்கு ஒரே மகன் ஜெரட். பத்தொன்பது வயது. மரம் அறுக்கும் ஆலையில் மாலை ஷிப்ட். அம்மா காலையில் போய் வந்ததும் அதே வண்டியை அவன் எடுத்துக்கொண்டு போவான். இரவில் கொண்டுவந்து நிறுத்தும்போது டேங்கில் ஒன்றும் இருக்காது. அந்த வீட்டில் நடக்கிற ஒரே சண்டை அதுதான்.

"முள்ளப் பாருடா, செத்துக் கிடக்குது!"

"சாகலம்மா. தூங்குது."

"நான் வேலைக்கு எப்படிப் போறது? தள்ளிக்கிட்டா?"

"ஒரு கலைமானப் பிடிச்சு முன்னாடி கட்டிக்கோ. மானுக்குப் பெட்ரோல் வேணாம்."

இப்படித்தான் பேசுவான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் கோபம் இன்னும் ஏறும். இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு பிப்ரவரி நாள், அவன் விட்டுவைத்த வண்டி வேலைக்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது. கஞ்சி தாமதம். எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினாள். அன்று மாலை அவன் ஆலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"இன்னைக்கு நிரப்பிட்டு வா. கழுத்து வரைக்கும். மூடியத் திறந்தா என் கண்ணுக்குத் தெரியணும். இல்லேன்னா வீட்டுப் பக்கம் வராத."

"உத்தரவு மகாராணி," என்று குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

எந்தத் தாய் இதைச் சொல்லவில்லை?

அன்று இரவு அவன் ஆலையிலிருந்து திரும்பும்போது, வீட்டுக்கு வந்து சேர்கிற அளவுக்குப் பெட்ரோல் இருந்தது. ஆனால் அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. வீட்டைத் தாண்டிச் சந்திப்பிலிருக்கிற பங்க்கை நோக்கிப் போனான். பாதி வழியில் வண்டி நின்றது. அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. கோடையில் மட்டும் ஆள் வருகிற ஒரு மரவீடு வரை நடந்தான். நம் பக்கம் கொட்டகையை யாரும் பூட்டுவதில்லை. ஆபத்துக்கு எடுத்துக்கொள், பிறகு நிரப்பி வை. அதுதான் வழக்கம். அவனும் ஒரு கேனை எடுத்துக்கொண்டு திரும்ப நடந்திருக்கிறான்.

பெட்ரோல் உறையாது. அதுதான் அதில் மோசம். காற்று எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிராகத் திரவமாகவே இருக்கும். கையுறையில் பட்டால் ஊறி, தோலைத் தணல் மாதிரி சுடும். ஊற்றும்போது அவன் கைகளில் பட்டிருக்கிறது.

பிறகு சாவியைத் திருப்பியிருக்கிறான். எஞ்சின் சுற்றியிருக்கிறது. பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. கடைசியில் பாட்டரி செத்துவிட்டது.

காலையில் பனி தள்ளும் வண்டிக்காரர்தான் பார்த்தார். ஓட்டுகிறவன் சீட்டில், கைகள் இரண்டையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். ஊற்றிய பெட்ரோல் டேங்கில் அப்படியே இருந்தது.

கார்லா துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஆர்விட் எழுந்து அடுப்பில் ஒரு விறகு வைத்தார்.

வண்டியை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். லோர்னா விற்கவில்லை.

...

வெஸ்லி பேயை நம்புகிறவன் இல்லை. 'யாரோ இரக்கப்பட்டு ரகசியமாக ஊற்றிவிட்டுப் போகிறார்கள்' என்றுதான் நினைத்தான். நம் பக்கம் அப்படி நடப்பதுதானே... துக்க வீட்டு வாசலில் மான்கறியை வைத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போகிறவர்கள் இல்லையா? அதனால் டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்றை மாட்டினான். இரண்டு சாவியையும் தன் இடுப்பு வளையத்திலேயே கோத்துக்கொண்டான். கெட்ட ரப்பரை மாற்றினான். புதுக் கரிப் பெட்டி போட்டான். வண்டியைச் சில நாள் தன் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நிறுத்தி வைத்தான். நல்ல குளிர் ராத்திரிகளும் வந்துபோயின. வாடை இல்லை. முள் அசையவில்லை.

வண்டி வீட்டுக்குத் திரும்பியது. மூன்றாவது ராத்திரி, ஏரிப் பனிக்கட்டி வெடிக்கிற சத்தம் வீடுவரை கேட்டது. அவ்வளவு குளிர்.

காலையில் போன் வந்தது. அவள் குரலே வேறு மாதிரி இருந்தது என்று வெஸ்லி என்னிடம் சொன்னான்.

"வெஸ்... நிறைஞ்சிருக்குடா."

போய்ப் பார்த்தான். மூடி பூட்டியபடி இருந்தது. தன் சாவியைப் போட்டுத் திறந்தான். விளிம்புவரை பெட்ரோல் தளும்பி நின்றது. வண்டியின் பக்கத்தில் வழிந்த தடம். கீழே பனியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, சுற்றிலும் மஞ்சள். வேறு ஒரு சுவடும் இல்லை.

"கழுத்து வரைக்கும்னு நான்தானே சொன்னேன்," என்றாள் லோர்னா. அழுதுகொண்டே சிரித்தாள். "நான் சொன்னத இப்பத்தான்டா கேக்குறான்."

வெஸ்லி குனிந்து வண்டிக்கடியில் பார்த்தான். புதுக் கரிப் பெட்டியும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இதச் சரி பண்ணணும்க்கா. ஒரு பொறி போதும்."

"சரி பண்ணா வாடை வராதுல்ல?"

"வராது."

"அப்ப விடு."

அதற்குப் பிறகு அவள் பங்க்குக்கே போவதை நிறுத்திவிட்டாள். ஆமாம். வேண்டுமென்றே. வேலைக்குப் போய் வரப் போய் வர முள் இறங்கும். அடி தட்டுகிற நேரத்தில் எப்படியும் ஒரு கடுங்குளிர் ராத்திரி வரும். மறுநாள் நிறைந்திருக்கும். தினமும் சாயங்காலம் வானிலை கேட்பாள். குளிர் ஏறும் என்றால் முகம் மலரும். புதுக் கையுறை ஒரு ஜோடி வாங்கி ஓட்டுகிறவர் சீட்டில் வைத்தாள். அது வைத்தபடியே இருந்தது. ராத்திரிகளில் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்து அந்த வாடையை இழுத்துக்கொண்டிருப்பாள். தலைவலியோடுதான் வேலைக்குப் போவாள். ஒரு நாள் சமையலறையில் கரண்டியைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தாள்.

அன்றுதான் வெஸ்லி முடிவு செய்தான். 'இந்த ராத்திரி நானும் விழித்திருந்து பார்க்கிறேன்.'

...

சமையலறை விளக்கை அணைத்துவிட்டு இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். வெளியே நிலா. பனி வெளிச்சத்தில் முற்றம் பகல்போல இருந்தது. வண்டி தனியாக நின்றது. அதன் சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. மூடியின் சாவி வெஸ்லியின் இடுப்பில். டேங்கில் பெட்ரோல் அநேகமாக இல்லை.

நள்ளிரவு தாண்டியது. காற்று நின்றது.

குளுக்...

குளுக்... குளுக்... குளுக்...

பங்க் குழாய்க்கு இந்தச் சத்தம் வராது. அது ஒரே சீராக இரையும். கேனைக் கவிழ்த்து ஊற்றினால்தான் இப்படி வரும். பெட்ரோல் வெளியே வர வேண்டுமென்றால் காற்று உள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வாய். ஒரு மடக்கு இது, ஒரு மடக்கு அது. தாகமெடுத்தவன் தண்ணீர் குடிக்கிற மாதிரி.

முற்றத்தில் வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

"கேக்குதா வெஸ்? கேக்குதா?" அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். நிலா வெளிச்சத்தில் அவள் முகம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது என்றான்.

சத்தம் நின்றது.

வெஸ்லி எழப் போனான். லோர்னா அவன் மணிக்கட்டை விடவில்லை. வாடை மட்டும் ஜன்னல் இடுக்கு வழியாக மெதுவாக உள்ளே வந்தது. காத்திருந்தார்கள். அடுப்பில் விறகு எரிந்து தணலாகும் வரை ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

குளுக்... குளுக்... குளுக்...

மறுபடி அமைதி. முன்பு போலவே வெகுநேரம்.

மூன்றாவது தடவை சத்தம் வந்தபோது லோர்னாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நடுவுல எங்கடா போறான்?"

வெஸ்லிக்கு அது முன்பே புரிந்துவிட்டது. டேங்க் பெரியது. கேன் சின்னது. ஒரு கேன் ஊற்றினால் அடிதான் நனையும்.

"சொல்லுடா. எங்க போறான்?"

"கேன் காலியாயிரும்லக்கா. திரும்ப... அந்தக் கொட்டகைக்கு..."

"நடந்தா?"

அவன் தலையசைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே வெப்பமானி ஆணியில் தொங்கியது. லோர்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதரசம் அடியில் ஒரு மணியாகச் சுருண்டு கிடந்தது.

"ஒவ்வொரு தடவையும்... நான் காலியா விட்டு வெச்சதுக்கு... இந்தக் குளிர்லயா?"

நான்காவது தடவையும் குளுக் சத்தம் வந்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அது நின்ற பிறகு, மேஜையில் தலையைச் சாய்த்தபடி கேட்டாள். இரண்டு வருஷமாகக் கேட்காத கேள்வி.

"பெட்ரோல்தான் ஊத்திட்டானே வெஸ். அப்புறம் ஏன் ஸ்டார்ட் ஆகல?"

வெஸ்லி இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த பதில் அது. வறண்டு நின்ற வண்டியில் குழாய் முழுக்கக் காற்றுதான் இருக்கும். டேங்கில் ஊற்றியதும் எஞ்சினுக்கு வந்துவிடாது. சாவியைப் பாதி திருப்பி நிறுத்த வேண்டும். எஞ்சினைச் சுற்ற விடக் கூடாது. பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு வினாடி ரீங்கரித்து ஓய்ந்துவிடும். அவ்வளவு நேரம்தான் அது தானாக ஓடும். அணைத்துவிட்டு மறுபடி அதே மாதிரி. மூன்று தடவை செய்தால் பெட்ரோல் எஞ்சின்வரை வந்து நிற்கும். பிறகு முழுசாகத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். தெரியாதவன் எடுத்ததுமே சுற்றுவான். குளிரில் பாட்டரிக்கு அவ்வளவு தெம்பு ஏது?

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்க்கா."

"சாவிய மூணு தடவை திருப்புறது. அவ்வளவுதானா?"

அவள் எழுந்தாள். கோட்டை மாட்டினாள். வெஸ்லி கையைப் பிடித்தான்.

"அக்கா. நீ சொல்லிட்டேன்னு வெச்சுக்கோ... அப்புறம் வராமப் போயிட்டா?"

"தெரியும்டா."

வண்டிக்குப் போய், ஓட்டுகிறவர் சீட்டைக் காலியாக விட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். கதவை மூடவில்லை. வாசற்படியில் நின்ற வெஸ்லிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் அழவில்லை. பழைய மாதிரி திட்டுகிற குரலிலேயே பேசினாள்.

"டேய் ஜெரட். போதும். நிறைஞ்சிருச்சு. கேனக் கீழ வை. உள்ள வந்து உக்காரு, கதவச் சாத்து. கையக் காட்டு... சரி, காட்ட வேணாம். இப்ப நான் சொல்றதக் கேளு. சாவியப் பாதி திருப்பு. முழுசாத் திருப்பாத, அவசரக்குடுக்க! பின்னாடி வண்டு மாதிரி ஒரு சத்தம் வரும். நிக்கட்டும். நின்னதும் அணை. மறுபடி திருப்பு. மூணு தடவடா, கண்ணு. எனக்கே இப்பத்தான் தெரியும். அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணு. பிடிச்சுக்கும். மாமா சொல்றான், கண்டிப்பாப் பிடிச்சுக்குமாம்."

ஓட்டுகிறவர் சீட்டிலிருந்த கையுறைகளை நீவிவிட்டாள்.

"அன்னைக்கு நான் சொன்னத விடு. காலியாவே கொண்டு வந்து நிறுத்து, எனக்கென்ன. இல்ல... எங்க போகணுமோ அங்க போ. வெளிய நிக்காத. அவ்வளவுதான். வெளிய நிக்காத."

உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றாமலே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குளுக் சத்தம் அப்புறம் வரவே இல்லை.

விடியும் முன்... அவள் கண் அசந்த நேரம்... வெஸ்லி முதலில் கேட்டான்.

ம்ம்ம்...

நின்றது.

ம்ம்ம்...

நின்றது.

லோர்னா நிமிர்ந்துவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. இன்னொண்ணு. இன்னொண்ணு இருக்குடா.

ம்ம்ம்...

பிறகு எஞ்சின் பிடித்தது. ஒரே திருப்பில். நல்ல, முழுச் சத்தம். வெஸ்லி சட்டென்று ஆணியைப் பார்த்தான். சாவி அங்கேயே தொங்கியது.

வெளியே ஓடினார்கள். வண்டி இருட்டாக நின்றது. முன்கண்ணாடியில் உறைபனி கலையவில்லை. புகைக்குழாயில் புகை இல்லை. வெஸ்லி எஞ்சின் மூடியில் கை வைத்தான். இரும்பு கையைக் கடித்தது. சத்தம் மட்டும் அங்கே நின்று ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூடாகட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. அப்புறம் கியர் விழுந்தது. சக்கரத்தடியில் பனி நொறுங்குகிற சத்தம் அவர்களைக் கடந்து முற்றத்தின் குறுக்கே போனது. சாலைக்கு ஏறியது. லோர்னா வீட்டுச் செருப்போடு தபால் பெட்டிவரை ஓடினாள். அதற்கு மேல் சத்தம் வேகமெடுத்துவிட்டது. மரங்களுக்குள் போய், ஏரி வளைவில் தேய்ந்து... இல்லாமல் போயிற்று.

வெளிச்சம் வந்ததும் வெஸ்லி மூடியைத் திறந்தான். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. முள் அடியில் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தான், பெட்ரோல் இல்லை. அது பரவாயில்லை. எத்தனையோ காலி டேங்குகளை அவன் பார்த்திருக்கிறான். ஒரு தடவை பெட்ரோல் பட்ட தகரத்தில் எத்தனை வருஷமானாலும் வாடை போகாது. கழுவினாலும் போகாது. இருபது வருஷம் பெட்ரோல் குடித்த டேங்க் அது... கடையிலிருந்து வந்த புதுத் தகரம் மாதிரி இருந்தது. ஒன்றுமே இல்லை.

லோர்னா அவனைத் தள்ளிவிட்டு மூக்கை வைத்தாள். பின்சீட்டில் முகர்ந்தாள். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்தாள். அந்தக் கையுறைகளை முகர்ந்தாள். மறுபடி டேங்குக்கு வந்தாள்.

"நீ பாரு வெஸ். நல்லா மோந்து பாரு. கொஞ்சங்கூடவா வரல?"

அவன் குனிந்தான். வெகுநேரம் குனிந்திருந்தான்.

"வருதுக்கா," என்றான். "லேசா வருது."

அவள் மறுபடி முகத்தைக் கொண்டுபோய் டேங்கின் வாயில் பதித்துக்கொண்டாள். நனைந்த கன்னம். அந்தக் குளிரில் இரும்பில் அப்படி வைக்கக்கூடாது. நம் பக்கத்துக் குழந்தைக்குக்கூட அது தெரியும். ஒட்டிக்கொண்டது. வெஸ்லி ஓடிப்போய் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தோல் பிரிந்து வருகிற அந்த நேரத்திலும் அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேதான் இருந்தாளாம்.